ஆடு விற்றவன் முகம்

1872-இல் லண்டனில் வெளியான ஒரு விஞ்ஞானப் புத்தகத்தில் ஆடு விற்ற மனிதன் ஒருவன் இருக்கிறான். பெயர் இல்லை, ஹிந்துஸ்தானி என்று மட்டும் போட்டிருக்கிறது. நோயும் வறுமையும் சேர்ந்து, ஆசையாக வளர்த்த ஆட்டை விற்கும்படி ஆகிவிட்டது அவனுக்கு. பணத்தை வாங்கிக்கொண்டபின் கையிலிருக்கும் பணத்தைப் பார்க்கிறான், ஆட்டைப் பார்க்கிறான், மறுபடியும் பணத்தைப் பார்க்கிறான் — திருப்பிக் கொடுத்துவிடலாமா என்பதுபோல. ஓட்டிப்போகத் தயாராகக் கட்டியிருந்த ஆட்டின் அருகில் போகிறான். அது முன்னங்காலைத் தூக்கி எழும்பி அவன் கையை நக்குகிறது. அவன் கண்கள் நிலைகொள்ளாமல் அலைகின்றன. வாயின் ஓரங்கள் கீழே இறங்குகின்றன. கொடுத்துவிடுவதுதான் என்று முடிவுக்கு வந்த கணத்தில் புருவங்கள் லேசாகச் சரிந்து, உள்முனைகள் புடைத்துக்கொள்கின்றன. நெற்றியில் சுருக்கம் மட்டும் விழவில்லை. ஒரு நிமிஷம் அப்படியே நிற்கிறான். பிறகு பெருமூச்சு விட்டு, அழுது, இரண்டு கைகளையும் உயர்த்தி ஆட்டை ஆசீர்வதித்துவிட்டு, திரும்பிப் பாராமல் போய்விடுகிறான்.

புத்தகம் டார்வினுடையது. மனிதனிடத்திலும் மிருகங்களிடத்திலும் உணர்ச்சிகள் வெளிப்படும் விதத்தைப் பற்றியது. காட்சியைக் கண்டவர் டார்வின் அல்லர். கல்கத்தா தாவரவியல் பூங்காவில் வேலையிலிருந்த ஜான் ஸ்காட். 1990-களின் தொடக்கத்தில், கோவையில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தபோது, உக்கடத்துப் பழைய புத்தகக் கடை ஒன்றில் இது எனக்குக் கிடைத்தது. 1965-இல் சிகாகோவில், கான்ராட் லோரன்ஸ் முன்னுரையோடு வந்த மறுபதிப்பு. பாடத்துக்கு உதவும் என்று வாங்கினேன். பரீட்சைக்கு இதிலிருந்து ஒரு வரிகூட உதவவில்லை. ஆனால் ஆடு விற்றவன் போகவில்லை. முப்பது வருஷமாக மனசில் நின்றுகொண்டிருக்கிறான். ஏன் நிற்கிறான் என்பதை யோசித்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

முகம் பார்க்க நான் கற்றது கல்லூரியில் அல்ல, சோமனூரில், தறிக்குடோனில். வீட்டை ஒட்டி ஆறு விசைத்தறிகள். பாவும் ஊடை நூலும் வியாபாரி கொடுப்பார். காடாத் துணி நெய்துகொடுத்தால் மீட்டர் கணக்கில் கூலி. அப்பா அந்தக் கூலிக்குத் தறி ஓட்டினார். சோமனூரிலும் சுற்றுவட்டாரத்திலும் பாதிப்பேர் வாழ்க்கை இதுதான். ஆறு தறி ஒரே அறையில் ஓடும்போது பேச்சுக்கு இடமில்லை. காதோடு வாய் வைத்துக் கத்தினாலும் பாதிதான் விழும். உதட்டசைவும் புருவமும் கையும்தான் அங்கே பாஷை. தார் தீர்ந்துவிட்டது, இழை அறுந்திருக்கிறது, டீ வந்துவிட்டது, உன் பையன் வெளியே நிற்கிறான் — எல்லாமே முகத்தால். பத்து வயதில் குடோனின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடியில் நிற்பவர் என்ன சொல்கிறார் என்று என்னால் சொல்லமுடியும். பள்ளிக்கூடத்தில் எதிலும் முதலாவதாக வராத எனக்கு இதில் ஒரு ரகசியக் கர்வம் உண்டு.

தறியில் வருஷக்கணக்காக நின்றவர்களுக்குப் புருவங்களுக்கு நடுவில் நிரந்தரமாக இரண்டு கோடுகள் விழுந்திருக்கும். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் சிடுமூஞ்சி என்பார்கள். ஓடும் பாவில் அறுந்த இழை எங்கே என்று தேடிய கண்களின் கோடு அது. பின்னால் டார்வினில் இதையே படித்தபோது திகைப்பாக இருந்தது. புருவம் சுளிப்பதைக் கோபத்தின் அடையாளமாக அவர் முதலில் எடுத்துக்கொள்ளவில்லை. சிந்தனையிலோ செயலிலோ ஒரு சிரமத்தைச் சந்திப்பவனின் அடையாளம் அது என்கிறார்.

கல்லூரியில் சுறாவின் தலையை அறுத்து மூளை நரம்புகளைப் பிரித்துக் காட்டவேண்டும். அந்த நாளில் விலங்கியல் படித்த எல்லோருக்கும் இந்த அனுபவம் உண்டு. (இப்போது கல்லூரிகளில் அறுப்பது பெரும்பாலும் நின்றுவிட்டது, நல்லதுதான்.) ஃபார்மலின் நெடியில் கண் எரிய, குருத்தெலும்பைச் சீவிச்சீவி, ஐந்தாவது, ஏழாவது, ஒன்பதாவது, பத்தாவது நரம்புகளை வெள்ளை நூல்போல வெளியே கொண்டுவரவேண்டும். நூலோடு பிறந்தவன் என்பதால் எனக்கு அறுபடாமல் வரும். ஏழாவது நரம்பு சுறாவில் இரண்டாவது வளைவின் தசைகளுக்குப் போகிறது — தொண்டையை இறுக்கித் தண்ணீரைச் செவுள் வழியே தள்ள உதவும் தசைகள். மனிதக் கருவிலும் கழுத்தருகே அந்த வளைவுகள் தோன்றுகின்றன. பாலூட்டிகளில் அதே இரண்டாவது வளைவிலிருந்து பிறக்கும் தசைகள் தோலுக்கடியில் பரவி முகத்தின்மேல் ஏறிவிட்டன. நரம்பு மாறவில்லை; அதே ஏழாவது. மீன் மூச்சுவிட உதவிய ஒன்று நம்மிடம் சிரிக்கவும் சுளிக்கவும் உதட்டைப் பிதுக்கவும் வந்து சேர்ந்திருக்கிறது. இதைப் புரிந்துகொண்ட நாளில் சோமனூர் திரும்பும் பாசஞ்சரில் எதிர்வரிசை முகங்களையெல்லாம் உள்ளிருந்து பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு வந்தேன். உயிரியல் தரும் போதை அது. தோலை நீக்கிவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்ற போதை.

டார்வினுக்கு இருந்தது போதையல்ல, ஒரு வழக்கு. சார்லஸ் பெல் என்ற பெயர்பெற்ற உடற்கூற்றியலாளர், மனித முகத்தின் சில தசைகள் உணர்ச்சியைக் காட்டுவதற்கென்றே மனிதனுக்கு மட்டும் அருளப்பட்டவை என்று எழுதியிருந்தார். மனித இனங்கள் தனித்தனியே தோன்றியவை என்று வாதித்தவர்களும் அன்று கணிசமாக இருந்தார்கள். அடிமை வியாபாரத்துக்கு அந்த வாதம் சௌகரியமாகவும் இருந்தது. இரண்டையும் மறுக்க டார்வினுக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது: உலகெங்கும் துயரத்துக்கும் அச்சத்துக்கும் முகம் ஒரேமாதிரி அசைகிறது என்ற சாட்சி. 1867-இல் கேள்விப் பட்டியல் ஒன்றைத் தயாரித்து மிஷனரிகள், அதிகாரிகள், தோட்டக்காரர்கள் என்று பலருக்கும் அனுப்பினார். வியப்பில் கண்ணும் வாயும் விரிகின்றனவா? துயரத்தில் வாயோரங்கள் இறங்கிப் புருவத்தின் உள்முனைகள் எழுகின்றனவா? ஆமென்பதற்குத் தலையை மேலும் கீழும் அசைக்கிறார்களா? இப்படிப் பதினாறு கேள்விகள். முப்பத்தாறு பேர் பதில் எழுதினார்கள். அதில் ஒருவர் ஸ்காட்.

ஸ்காட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். 1836-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்தவர். எடின்பரோ தாவரவியல் பூங்காவில் தோட்டவேலை. 1862-இல், டார்வினுடைய ஆர்க்கிட் புத்தகத்தில் ஒரு பிழை இருப்பதைச் சுட்டி அவருக்கே கடிதம் எழுதினார். பட்டம் ஏதும் இல்லாத ஒரு தோட்டக்காரரின் கடிதத்தை டார்வின் மதித்தார் என்பது டார்வினைப் பற்றிச் சொல்கிறது. எடின்பரோவில் ஸ்காட்டுக்கு எதிர்காலம் இல்லாமல் போனது அந்த உலகத்தைப் பற்றிச் சொல்கிறது. 1864-இல் ஸ்காட் இந்தியாவுக்குக் கப்பலேறினார். கப்பல் செலவு டார்வினுடையது. அடுத்த வருஷம் ஹூக்ளி நதிக்கரையில், சிப்பூரிலுள்ள அந்தப் பெரிய பூங்காவின் க்யூரேட்டர் ஆனார். 1880-இல் இறந்தார். ஆக, ஆடு விற்றவனைப் பார்த்த கண்கள் பிரபுவின் கண்களல்ல. வேலை போனால் என்ன ஆகும் என்று தெரிந்த கண்கள். அந்தக் குறிப்பின் நுட்பத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது.

ஸ்காட் அனுப்பிய இரண்டாவது சம்பவம்தான் ஆட்டுக்காரன். முதலாவது, நாக்பூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த தாங்கர் பெண் ஒருத்தி. சோட்டா நாகபுரியிலிருந்து கூலிவேலைக்கு வந்த ஒராவோன் மக்களை அன்றைய வங்காளத்தில் தாங்கர் என்று அழைப்பதுண்டு. அவர்கள் பேசும் குருக் மொழி நம்முடைய திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது. மிகச் சின்ன வயது. பூங்காத் தோட்டக்காரர்களில் ஒருவனுடைய மனைவி. சாகக்கிடக்கும் குழந்தையை மடியில் வைத்திருக்கிறாள். ஸ்காட் அவள் கண்ணில் படாமல், திரைபோல வளர்ந்த செடிகளுக்குப் பின்னால் நின்று கொஞ்சநேரம் பார்க்கிறார். புருவத்தின் உள்முனைகள் எழுந்திருக்கின்றன. இமைகள் தொங்குகின்றன. நெற்றியின் நடுவில் சுருக்கம். வாய் லேசாகத் திறந்து ஓரங்கள் நன்றாக இறங்கியிருக்கின்றன. பார்த்து முடித்தபின் வெளியே வந்து அவளிடம் பேசுகிறார். அவள் திடுக்கிட்டு, பொருமி அழுது, குழந்தையைப் பிழைக்கவைக்கும்படி அவரிடம் கெஞ்சுகிறாள்.

அத்துடன் பத்தி ஆட்டுக்காரனுக்குப் போய்விடுகிறது. குழந்தை என்ன ஆனது என்று புத்தகம் சொல்வதில்லை. புத்தகத்தின் கேள்வி அதுவல்ல.

முதல் வாசிப்பில் நான் இதைக் கவனிக்கவே இல்லை என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். புருவத்தசையைத்தான் கவனித்தேன். டார்வினுடைய விளக்கம் அவ்வளவு அழகு. குழந்தை வீரிட்டு அழும்போது கண்ணைச் சுற்றியிருக்கும் தசைகள் இறுகுகின்றன. வளர்ந்தவன் அழுகையை அடக்கப் பழகுகிறான். அநேகமாக எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறான். மனசுக்கு அதிகம் கட்டுப்படாத இரண்டொரு தசைகள் மட்டும் மீறிக்கொண்டு அசைகின்றன. அவற்றைத் துயரத் தசைகள் என்கிறார். ஆக, சரிந்த புருவம் என்பது அழாத அழுகையின் மிச்சம். ஒரு கவிதை சொல்லியிருக்க வேண்டிய விஷயத்தை ஒரு விஞ்ஞானி சொல்லிவிட்டார் என்று அன்று நண்பர்களிடம் சொல்லித் திரிந்தேன்.

இரண்டாவது வாசிப்பில் செடித்திரை கண்ணில் பட்டது. அதன்பிறகு புத்தகம் முழுக்க அது தெரிய ஆரம்பித்தது.

ஸ்காட்டைக் குற்றம் சொல்வதல்ல என் நோக்கம். தன்னைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் முகம் மாறிவிடும். அதனால் மறைந்து பார்க்கவேண்டும். இது நியாயமான முறைதான். ஆனால் மறைந்து பார்க்கும் உரிமை யாருக்கு யார்மேல் கிடைக்கிறது என்பதும் ஒரு விஷயம். எடின்பரோவில் ஒரு தோட்டக்காரர் கனவான் வீட்டுப் பெண்ணைச் செடிக்குப் பின்னால் நின்று பார்த்துக் குறிப்பெடுத்திருக்க முடியுமா?

முகத்தைப் பார்க்கும் அந்த உரிமை நம் பக்கத்தில் எங்கே போய் முடிந்தது என்பதற்கு எட்கர் தர்ஸ்டன் சாட்சி. 1885 முதல் 1908 வரை சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். கா. ரங்காச்சாரியின் துணையோடு 1909-இல் தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டவர். டார்வின் முகத்தின் அசைவைப் பார்த்தார்; அது மனிதர்களைச் சேர்த்தது. தர்ஸ்டன் அசையாத முகத்தை அளந்தார்: மூக்கின் நீளம், அகலம், இரண்டின் விகிதம். அது மனிதர்களை வரிசையில் நிறுத்தியது. அவரே எழுதியிருக்கிறார்: வயநாட்டில் பணியர் பெண்கள், தங்களில் நல்ல மாதிரிகளாகப் பார்த்துப் பாடம்பண்ணி மியூசியத்தில் வைக்கத்தான் வந்திருக்கிறார் என்று பயந்து ஓடினார்களாம். எப்போதோ நடந்த ஒரு சின்னக் குற்றத்துக்காகத் தேடப்பட்டிருந்த நீலகிரி இருளர் ஒருவர், உயரம் அளக்கும் கம்பத்தைத் தூக்குமரம் என்று சொல்லி அதன் கீழ் நிற்க மறுத்துவிட்டாராம். தர்ஸ்டன் இவற்றை வேடிக்கையாகச் சொல்கிறார். அளவுக்காரரின் குறிப்பேட்டில் அந்த இருளரின் மூக்குக்கு இடமுண்டு, பயத்துக்கு இடமில்லை. ஆனால் யோசித்தால், கருவியைச் சரியாகப் புரிந்துகொண்டவர் அந்த இருளர்தான் என்று தோன்றும்.

இந்த இடத்தில்தான் நான் தொல்காப்பியத்துக்கு வந்தேன். தமிழ்ப்பற்றினால் வரவில்லை. டார்வின் சொன்னதெல்லாம் நம்மிடம் முன்பே இருக்கிறது என்று நிறுவுகிறவர்களோடு எனக்கு ஒட்டும் கிடையாது. இரண்டும் வேறுவேறு கேள்விகள். வேறு என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. உள்ளத்தில் நிகழ்ந்தது உடம்பின் வழியாகப் பிறருக்குப் புலப்படுவது மெய்ப்பாடு என்பார்கள் உரைகாரர்கள். டார்வினின் அத்தியாயத் தலைப்புகளைப் பக்கத்தில் வைத்தால் பாதிக்குமேல் பொருந்தும். ஆனால் தொல்காப்பியர் அடுத்து எடுத்துவைக்கும் அடி டார்வின் வைக்காதது. ஒவ்வொன்றும் எதன்மேல் பிறக்கிறது என்று நான்கு நான்காகச் சொல்லிக்கொண்டு போகிறார். அழுகைக்கு நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் தன்னை எளிமையாக நடத்துவது இளிவு. உற்றவரையோ உடைமையையோ இழப்பது இழவு. எங்கள் பக்கம் சாவு வீட்டை எழவு வீடு என்பதில் அந்தச் சொல் இன்னும் உயிரோடு இருக்கிறது. முன்பிருந்த நிலை கெட்டு வேறொன்றாகி வருந்துவது அசைவு. வறுமைக்கு உரை வேண்டாம். அதேபோல் அச்சத்துக்கு: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. நான்காவதைப் பாருங்கள். தன்னை ஆள்பவனே அச்சத்துக்கு ஓர் இடம். தர்ஸ்டனின் கம்பத்தின்முன் நின்ற இருளருக்கு, அவர் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்தப் பட்டியலில் இடம் போட்டு வைத்திருக்கிறது.

டார்வின் எந்தத் தசை என்று கேட்டார். தொல்காப்பியர் எதன்மேல் என்று கேட்டார். தசையைக் கண் பார்த்துவிடும். காரணத்தைக் கண் பார்க்காது. ஆட்டுக்காரனுடைய வாயோரம் இறங்கியதை ஸ்காட் பார்த்தார். ஆனால் நோய், வறுமை, ஆசையாக வளர்த்த ஆடு — இந்த மூன்றும் முகத்தில் எழுதியிருக்கவில்லை. யாரோ சொல்லித்தான் அவருக்குத் தெரிந்திருக்கும். அந்த மூன்று சொற்களை எடுத்துவிட்டுப் படித்தால் அந்தப் பத்தியில் மிஞ்சுவது புருவம்தான். மெய்ப்பாட்டியலை முடிக்கும்போது தொல்காப்பியர் கண்ணோடு காதையும் சேர்த்துக்கொள்கிறார்: இரண்டாலும் திடமாக உணரத் தெரிந்தவர்களுக்கே இது பிடிபடும், மற்றவர்களுக்கு எண்ணிப் பார்ப்பதும் அரிது என்கிற அர்த்தத்தில். முகத்தைப் பற்றிய ஓர் இயலில் காது எதற்கு என்று மாணவனாக இருந்தபோது எனக்கு விளங்கவில்லை. குடோனில் காதில்லாமலே எல்லாம் நடந்ததே.

குறளும் குறிப்பறிதல் என்று இரண்டு அதிகாரங்கள் வைத்திருக்கிறது. 71-ஆவது பொருட்பாலில், 110-ஆவது காமத்துப்பாலில். அரசனின் முகத்தை அமைச்சன் படிப்பது ஒன்று. காதலர்கள் ஒருவரையொருவர் படிப்பது மற்றொன்று. இரண்டிலும் பார்ப்பவன் பார்க்கப்படுகிறவனின் முன்னால் இருக்கிறான், அவனுக்கும் அதில் ஏதோ ஒன்று போகும், வரும். செடிக்குப் பின்னால் நிற்கும் மூன்றாவது பார்வைக்கு அங்கே அதிகாரம் இல்லை. அது பின்னால் வந்தது.

டார்வினுக்கே இந்தச் சங்கடம் தெரிந்திருந்தது என்பதைச் சொல்லாவிட்டால் அநியாயம். துஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் ஒரு கிழவரின் முகத்தசைகளை மின்சாரத்தால் இயக்கி எடுத்த புகைப்படங்களை, ஒன்றும் சொல்லாமல் இருபதுக்கு மேற்பட்டவர்களிடம் டார்வின் காட்டினார். சில படங்களுக்கு எல்லோரும் ஒரே பதில், சிலவற்றுக்கு ஆளுக்கொன்று. படத்தோடு இருந்த விளக்கத்தைப் படித்துக்கொண்டு பார்த்ததால்தான் தனக்கு எல்லாம் உண்மைபோலத் தோன்றியது, இல்லாவிட்டால் தானும் சில இடங்களில் குழம்பியிருப்பேன் என்று ஒளிக்காமல் எழுதுகிறார். இப்படி எழுத ஒரு நேர்மை வேண்டும்.

அதே புத்தகத்தில் ஒரு ரயில் காட்சியும் உண்டு. எதிரில் அமைதியாக ஏதோ யோசனையில் இருக்கும் ஒரு பெண்மணி. வாயோரத்தை இறக்கும் தசை அவளுக்கு மிக லேசாக இழுபடுவதை டார்வின் கவனிக்கிறார். முகத்தின் மற்ற பகுதி சாந்தமாக இருக்கிறது. இதற்கு அர்த்தமே இருக்காது என்று நினைக்கிறார். நினைத்து முடிப்பதற்குள் அவள் கண்களில் நீர் நிரம்பிவிடுகிறது. ஏதோ வேதனையான நினைவு, ஒருவேளை எப்போதோ இழந்துபோன ஒரு குழந்தையின் நினைவு, என்று எழுதுகிறார். அவளிடம் அவர் கேட்டதாக இல்லை. டார்வினின் மகள் ஆனி 1851-இல் பத்து வயதில் இறந்தாள். படுக்கையருகே இருந்து பார்த்துக்கொண்டவர் அவர். அந்தப் பெண்மணி எதை நினைத்தாளோ, யாருக்கும் தெரியாது. இழந்த குழந்தை ரயிலின் இந்தப் பக்க இருக்கையில் இருந்தது என்றுதான் நான் வாசிக்கிறேன். அடுத்தவர் முகத்தைப் படிக்கிறோம் என்று நினைக்கும்போது பல சமயம் நம்முடையதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறோம்.

டார்வினுக்குப் பிறகு கதை நீண்டது. 1960-களின் பிற்பாதியில் பால் எக்மன் நியூ கினியாவின் ஃபோரே மக்களிடம் புகைப்படங்களைக் காட்டி, அடிப்படை உணர்ச்சிகளின் முகங்கள் எங்கும் ஒன்றே என்றார். 1978-இல் அவரும் ஃப்ரீசனும் முக அசைவு ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தார்கள். அந்தக் கணக்கில் துயரம் என்பது 1, 4, 15. ஆட்டுக்காரனை இப்படி மூன்று எண்களில் எழுதிவிடலாம். பிறகு அந்த எண்களைக் கம்ப்யூட்டர் கற்றது; காமிரா வைத்துத் தொழிலாளியும் மாணவனும் என்ன மனநிலையில் இருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துச் சொல்வதாக விற்பனைக்கு வந்தது. 2019-இல் லிஸா ஃபெல்ட்மன் பாரெட்டும் வேறு நான்கு ஆய்வாளர்களும் அதுவரை வந்த ஆராய்ச்சிகளை அலசி, ஒரே உணர்ச்சி பல முகங்களாக வருகிறது, ஒரே முகம் பல உணர்ச்சிகளிலிருந்து வருகிறது, சூழல் தெரியாமல் முகத்தை மட்டும் வைத்து உணர்ச்சியை நிச்சயிக்க முடியாது என்று எழுதினார்கள். 2024-இல் ஐரோப்பிய ஒன்றியம், மருத்துவத்துக்கும் பாதுகாப்புக்கும் தவிர, வேலையிடத்திலும் கல்விக்கூடத்திலும் இயந்திரம் உணர்ச்சியை ஊகிப்பதைச் சட்டம்போட்டுத் தடுத்தது. நூற்றைம்பது வருஷம் கழித்துச் செடித்திரைக்கு முதல் சட்டம்.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டவன்தான் நான். மேல்நிலைப்பள்ளியில் உயிரியல் ஆசிரியனாகி, ஏழாவது நரம்பைப் பலகையில் வரைந்து பாடமும் நடத்தியவன். அப்படியிருந்தும் 2016-இல் அப்பா தறிகளை விற்றபோது என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

கூலி கட்டுபடியாகவில்லை, ஓட்ட ஆள் கிடைக்கவில்லை, கரண்ட் பில் கூலியைத் தின்றது. எங்கள் பக்கம் பலர் செய்ததைத்தான் அப்பாவும் செய்தார்: பழைய இரும்புக்குப் போட்டார். தறியை யாரும் தறியாக வாங்க வரவில்லை. சம்மட்டியால் அடித்து வார்ப்பிரும்பை உடைத்து, தராசில் ஏற்றி, கிலோ கணக்குப் போட்டார்கள். ஒரு பகல் முழுக்க நடந்தது. நான் லீவு போட்டுவிட்டு வந்திருந்தேன். அப்பாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். புருவம் சரியவில்லை. வாயோரம் இறங்கவில்லை. பணத்தை இருமுறை எண்ணிச் சட்டைப்பையில் வைத்தார். பணத்தையும் தறியையும் மாறிமாறிப் பார்க்கவில்லை. சுமை தூக்கியவர்களுக்கு டீ சொல்லிவிட்டு வரச்சொன்னார். எனக்கு நிம்மதியாக இருந்தது. சமையற்கட்டில் அம்மாவிடம், "அப்பாவுக்கு ஒண்ணும் பெரிசா வருத்தமில்லீங்மா, நல்லாத்தான் இருக்காரு" என்றேன்.

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "கேட்டியா கண்ணு?" என்றாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கேட்கவில்லை. பார்த்தேன்.

போய்க் கேட்டேன். காலியான குடோனில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நாற்பது வருஷத் தறிச்சத்தம் அவர் காதைப் பாதிக்குமேல் எடுத்துக்கொண்டிருந்தது. "வருத்தமா இருக்குதுங்களாப்பா?" என்று மூன்று தடவை சத்தமாகக் கேட்கவேண்டியிருந்தது, இப்படிப்பட்ட கேள்வியைக் கத்திக் கேட்பது எவ்வளவு கூச்சமான காரியம் என்று அன்றுதான் தெரிந்தது. மூன்றாம் தடவை, தறி ஓடிக்கொண்டிருப்பதுபோலவே என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார். கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "நாலாந்தறிய மட்டும் வெச்சிருந்திருக்கலாம்டா. அதுல ஒருக்காக்கூட நாடா பறந்ததில்லை."

தறி தெரியாதவர்களுக்கு: இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அடிபட்டு ஓடும் நாடா சில சமயம் தடம் தவறி வெளியே பறக்கும். கூர்முனை வைத்த கட்டை. எதிரில் நிற்பவர் கண் போகும். ஆறு தறியில் எது பறக்கவிடும், எது பறக்கவிடாது என்று அவருக்குத் தெரியும். நாலாந்தறியில்தான் தார் மாற்றப் புதிதாக வரும் பிள்ளைகளை நிறுத்துவார். சின்ன வயதில் என்னை நிறுத்தியதும் அதில்தான். அந்தக் காரணம் எனக்கு அதுவரை தெரியாது. எந்த முகத்தில் எந்தத் தசையைப் பார்த்து நான் அதைத் தெரிந்துகொண்டிருக்க முடியும்?

அப்பா இப்போது இல்லை. தறி போனபிறகு ராத்திரியில் அடிக்கடி எழுந்து உட்கார்ந்துவிடுவார் என்று அம்மா சொல்வாள். சத்தம் நின்றால் விழித்துக்கொள்வது தறிக்காரர்களின் பழக்கம். கரண்ட் போனால் குடோனை ஒட்டித் தூங்குபவர் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். சத்தம் நிரந்தரமாக நின்றுவிட்டது.

சிகாகோ பதிப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. அட்டை போய்விட்டது. ஸ்காட்டின் பத்தியை இப்போது படிக்கும்போது புருவத்தையும் வாயோரத்தையும் வேகமாகக் கடந்துவிடுகிறேன். அவர் செடிகளை விலக்கிக்கொண்டு வெளியே வந்து அந்தப் பெண்ணிடம் பேசிய இடத்தில் நிற்கிறேன். என்ன பேசினார் என்று இல்லை. அதுவரை அழாதிருந்தவள் அவர் பேசியபிறகுதான் அழுதாள் என்று மட்டும் இருக்கிறது.